அம்புக்குறி கீழே பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில், ஆலைப் புகையிலிருந்து பிரித்தெடுத்த கார்பன் டை ஆக்ஸைடை நிலத்துக்கு அடியில் சேமிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். நோர்வேயின் கடலடியில் 1996 முதல் ஸ்லைப்னர் என்ற இடத்தில் இந்த வாயுவை மணற்பாறைக்குள் செலுத்தி வருவதையெல்லாம் தேடிப் பிடித்துச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு படம். பாறை இடுக்குகளில் தேங்கிய உப்பு நீர், கரையாத வாயு மேலே ஏறுவதாக ஓர் அம்புக்குறி, நீரில் கரையும் வாயு, அந்தக் கரைசலிலிருந்தும் மேல்நோக்கிக் கிளம்பும் இரண்டாவது அம்புக்குறி, சிவப்பில். அந்தச் சிவப்பு அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஒரு வரி: வாயு கரைந்ததும் திரவம் இலேசாகி மேலே ஏறும்.

அந்த அம்பு தவறு. கடிதம் எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான். கொஞ்சம் நீளும். வெட்டிப் போடுவது உங்கள் உரிமை, ஆனால் எண்களை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் விஞ்ஞானி அல்ல. உயர் அழுத்த ஆய்வகம் ஒன்றில் 26 ஆண்டுகள் தொழில்நுட்ப உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வேலை ஒன்றே ஒன்றுதான். எத்தனால், அசிட்டோன், டொலுவீன், டெகேன் மாதிரியான கரைப்பான்களோடு கார்பன் டை ஆக்ஸைடைக் கலந்து, அழுத்தத்தில் வைத்து, கலவையின் அடர்த்தியை அளப்பது. ஒரு கலவை முடிந்தால் அடுத்தது. ஒரு வெப்பநிலை முடிந்தால் அடுத்தது. உங்கள் கட்டுரையில் “சோதனைக்கூடங்களில் அட்டவணை நிரப்பிக்கொண்டிருப்பவர்கள்” என்று போகிற போக்கில் ஒரு தொடர் வருகிறதே, அந்த நிரப்புகிறவர்களில் நானும் ஒருத்தி. கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

அம்புக்கு வருவோம். வாயு சேர்ந்தால் திரவம் இலேசாகும் என்று நினைப்பது இயல்பு. சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழி மேலே போகிறது, நுரை மேலே வருகிறது, எல்லாமே மேலே. ஆனால் மேலே போவது குமிழி. கரைந்திருக்கும் வாயு வேறு, குமிழியாக இருக்கும் வாயு வேறு. மூடி திறக்காத சோடாவில் லிட்டருக்கு 6 கிராம் வாயு கரைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 6 கிராமும் வாயுவாக வெளியே இருந்தால் மூன்று லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். நீருக்குள் கரைந்தபோது அது அடைத்துக்கொள்வது நான்கரை மில்லி லிட்டர் போலத்தான். நான்கரை மில்லியில் 6 கிராம்! தண்ணீரைவிடக் கனமான சரக்கு அது. ஆகவே மூடியிருக்கும் சோடா, வெறும் தண்ணீரைவிட லிட்டருக்கு ஒன்றரைக் கிராம் அளவு கனம். மூடியைத் திறந்து குமிழி கிளம்பிய பிறகுதான் கதை மாறுகிறது.

இதை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே, எனக்கும் ஒரு காலத்தில் இது தெரியாது. உங்கள் கட்டுரையாளர் செய்த அதே தவறை நான் செய்து, மூன்று வார வேலையைச் சிவப்புப் பென்சிலால் அடித்துப் போட்டிருக்கிறேன். அதைச் சொல்ல முதலில் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அழுத்தத்தில் இருக்கிற திரவத்தைக் குடுவையில் ஊற்றித் தராசில் வைக்க முடியாது. வால்வைத் திறந்த மறுகணம் அது பழைய திரவமாக இருக்காது. அதனால் எடை போடாமல் எடை பார்க்க ஒரு வழி வேண்டும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1960களில் கிராட்கி, லியோபோல்ட், ஸ்டாபிங்கர் என்ற மூவர் அந்த வழியைக் கருவியாக்கினார்கள். 1967-ல் அது விற்பனைக்கு வந்தது. ஆங்கில ‘யு’ எழுத்துப் போல வளைந்த மெல்லிய குழாய். அதன் இரு முனைகளையும் இறுகப் பிடித்து, வளைவை மட்டும் அதிர விடுவார்கள். குழாய்க்குள் கனமான திரவம் இருந்தால் அதிர்வு மெதுவாகும், இலேசானது இருந்தால் வேகமாகும். ஓர் அதிர்வுக்கு ஆகும் நேரத்தை அளந்து, அதை வர்க்கமாக்கி, அடர்த்தி தெரிந்த பொருள்களை வைத்துச் செய்யும் அளவுத்திருத்தத்தில் கிடைத்த இரண்டு எண்களைப் போட்டால் அடர்த்தி வந்துவிடும். எங்களிடம் இருந்தது துரு ஏறாத ஹாஸ்டலாய் உலோகத்தால் ஆனது. உள்ளே இரண்டு மில்லி லிட்டர்தான் கொள்ளும். விநாடிக்குச் சில நூறு தடவை அதிரும். காதுக்கு ஒன்றும் கேட்காது, திரையில் எண் மட்டும் ஓடும்.

அந்த எண்ணை நம்புவதற்கு முன்னால் அதைச் சோதிக்க வேண்டும். குழாயைக் காலியாக்கி வெற்றிடத்தில் ஒரு ரீடிங், தூய நீரை நிரப்பி ஒரு ரீடிங். நீரின் அடர்த்தி 25 டிகிரியில் கன மீட்டருக்கு 997.05 கிலோ. அது வராவிட்டால் அன்றைக்கு வேறு வேலை பார்க்கலாம். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் அழுத்தத்தில் குழாயே ஒரு துளி விரியும். திரவம் குழாயின் சூட்டுக்கு வந்து எண் நிலைக்க அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். கதவைத் திறந்து யாராவது உள்ளே வந்தால் கடைசி இலக்கம் ஆடுவதாக எனக்குத் தோன்றும். ஆடாது என்று பொறியாளர் சொன்னார். தோன்றியது தோன்றியதுதான்.

கலவை தயாரிப்பது அதைவிடப் பெரிய பாடு. ஐந்து கிலோ எடையுள்ள எஃகுப் பாத்திரம், அதற்குள் நகரும் பிஸ்டன். காற்றை முழுவதும் உறிஞ்சிவிட்டு, 40 கிராம் எத்தனால் விட்டு எடை. அப்புறம் வாயுவை ஏற்றி மறுபடியும் எடை. வாயு எவ்வளவு? ஒன்பதரைக் கிராம். ஐந்து கிலோ இரும்பைத் தராசில் வைத்துவிட்டு, அதற்குள் ஒளிந்திருக்கும் ஒன்பதரைக் கிராமைப் பத்து மில்லிகிராம் பிசகாமல் சொல்ல வேண்டும். பாத்திரத்தை வெறுங்கையால் தொட்டால் விரல் ஈரம் எடையில் வரும். ஸ்பேனரால் இறுக்கும்போது நட்டிலிருந்து ஒரு சிறு உலோகச் சிம்பு உதிர்ந்தாலும் வரும். ஏற்றிய பிறகு பாத்திரத்தை மேலும் கீழுமாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குவோம். உள்ளே கிடக்கும் எஃகு உருண்டை டக், டக் என்று அடிக்கும்.

(இந்த உருண்டைச் சத்தத்துக்கு ஒரு மூதாதை உண்டு. 1822-ல் பிரான்ஸில் காஞ்யார் த லா தூர் என்பவர் துப்பாக்கிக் குழாய்த் துண்டு ஒன்றில் ஆல்கஹாலையும் ஒரு கல் உருண்டையையும் போட்டு அடைத்து, சூடாக்கி, உருட்டி உருட்டிக் காது கொடுத்துக் கேட்டார். திரவத்தில் உருண்டை புகும்போது வரும் சளசளப்பு ஒரு சூட்டுக்கு மேல் நின்றுபோனது. உள்ளே திரவம் என்றும் வாயு என்றும் இரண்டு இல்லை என்பதை மனிதர் முதலில் தெரிந்துகொண்டது கண்ணால் அல்ல, காதால். அப்புறம் தாமஸ் ஆண்ட்ரூஸ் பெல்ஃபாஸ்ட்டில் கார்பன் டை ஆக்ஸைடைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, 31 டிகிரியை ஒட்டி அந்த எல்லைக்கோடு மங்கி மறைவதைப் பார்த்து, 1869-ல் அதை விளக்கி உரை நிகழ்த்தினார். மாறுநிலை எனப்படும் அந்தப் புள்ளி இன்றைய கணக்கில் 30.98 டிகிரி, 73.8 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல சுமார் 73 மடங்கு. அதற்கு மேலே இருப்பதைத்தான் சூப்பர்கிரிட்டிகல் என்கிறோம்.)

என் கதைக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். எத்தனாலும் கார்பன் டை ஆக்ஸைடும், பத்து மூலக்கூறுக்கு இரண்டு வாயு மூலக்கூறு என்ற கணக்கில். 40 டிகிரி, 100 பார். அளப்பதற்கு முன் எதிர்பார்க்கும் எண்ணை ஓரத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். அந்தச் சூட்டில் அந்த அழுத்தத்தில் கன மீட்டருக்குத் தனி எத்தனால் 780 கிலோ, தனி கார்பன் டை ஆக்ஸைடு 629 கிலோ. இரண்டையும் கலந்தால் விடை நடுவில் எங்கேயோ வர வேண்டும், எத்தனால் அதிகம் என்பதால் 750 வரலாம் என்று எழுதினேன். கருவி 800-ஐ ஒட்டிக் காட்டியது.

இரண்டு பேரையும்விடக் கனமான கலவை! நடக்காத காரியம் என்று நினைத்தேன். என் மேலதிகாரியும் அப்படித்தான் நினைத்தார். லீக் இருக்கும் என்றார். லீக் இருந்தால் வாயுதான் முதலில் போகும், எண் 780-க்கு வரலாமே தவிர அதைத் தாண்டாது. அந்த யோசனை அன்றைக்கு எனக்கு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. எத்தனாலில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்றார். புது பாட்டில் உடைத்தோம், தண்ணீரின் அளவை வேதியியல் முறையில் பார்த்தோம், சுத்தம். குழாய் சரியில்லை என்றார். வெற்றிடம், நீர், நைட்ரஜன் என்று மறுபடியும் அளவுத்திருத்தம். நீருக்கு 997.05 வந்தது. கலவைக்கு மறுபடியும் 800. ஒவ்வொரு தடவையும் அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் ‘கருவிக் கோளாறு’ என்று எழுதினேன். எழுதச் சொன்னார், எழுதினேன். மூன்று வாரம்.

நடுவில் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிட்டேன். மூடியில் கசிவைத் தடுக்க ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும், அழுத்தத்தில் இருந்த கார்பன் டை ஆக்ஸைடு அதன் உடம்புக்குள்ளேயும் கரைந்திருக்கும். மெதுவாக இறக்கினால் மெதுவாக வெளியே வரும். சட்டென்று இறக்கினால் ரப்பருக்குள்ளேயே குமிழியாகி வெடிக்கும். மூடியைக் கழற்றினால் ஓ-ரிங் அம்மை போட்ட தோல் மாதிரி கொப்புளம் கொப்புளமாக, ஒரு பக்கம் பிளந்து கிடந்தது. விரலால் அழுத்தினால் மெல்லிய சத்தத்தோடு நொறுங்கியது. வெளியேற்றும் குழாயில் வெள்ளையாக உறைபனி அடைத்திருந்தது. சட்டென்று விரியும் வாயு குளிர்ந்து உலர் பனிக்கட்டியாகும், அது வழியை அடைத்துக்கொள்ளும். அடைப்பைப் பார்த்து அழுத்தம் இறங்கிவிட்டது என்று ஏமாந்து நட்டைத் திறப்பவருக்கு முகம் மிஞ்சாது. அன்றைக்கு நான் திறக்காமல் காத்திருந்தது புத்திசாலித்தனத்தால் அல்ல, ஸ்பேனர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததால்.

ஆனால் அந்த ஓ-ரிங்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. மோதிரம் அளவு ரப்பர். அதற்குள் இத்தனை வாயு எங்கே ஒளிந்திருந்தது? வெளியே வந்தபோது ரப்பரையே கிழிக்கும் அளவுக்கு இடம் கேட்ட வாயு, உள்ளே இருக்கும்போது கிட்டத்தட்ட இடமே கேட்கவில்லையே. திங்கட்கிழமை காலையில் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒன்பதரைக் கிராம் கார்பன் டை ஆக்ஸைடு, சாதாரண அறையில் வாயுவாக இருந்தால் ஐந்து லிட்டருக்கு மேல். எத்தனாலில் கரைந்தபோது மொத்தக் கன அளவு எவ்வளவு கூடியிருக்கிறது என்று, கருவி சொன்ன 800-ஐ வைத்துப் பின்னோக்கிப் போட்டால், பத்து மில்லிக்குச் சற்று மேல். ஆக, கரைந்த நிலையில் அதன் கனம் மில்லிக்கு 0.9 கிராம். எத்தனால் 0.78. கனமான சரக்கை இலேசான சரக்கில் கலந்தால் கலவை கனக்கத்தானே செய்யும்!

தனியாக இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு 100 பாரில் 629-தான். ஆனால் எத்தனால் மூலக்கூறுகளுக்கு நடுவே போன பிறகு அது அந்த 629-ன் தளர்வோடு இருப்பதில்லை. சுற்றியிருப்பவை இறுக்கிப் பிடிக்க, திரவம் போலச் சுருங்கிக்கொள்கிறது. நான் ஓரத்தில் எழுதிய 750, அது தன் தளர்வையும் தூக்கிக்கொண்டு உள்ளே போகும் என்று நினைத்துப் போட்ட கணக்கு.

அதற்குப் பிறகு இந்தச் சுருக்கத்தைப் பலமுறை பார்த்தேன். இதைவிட விசித்திரமானது, மாறுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடில் நாஃப்தலீன் மாதிரியான ஒன்றைக் கொஞ்சமாகக் கரைப்பது. பொருள் சேர்க்கச் சேர்க்கக் கன அளவு கூட வேண்டும் அல்லவா? குறையும். கரைந்த ஒவ்வொரு மூலக்கூறும் தன்னைச் சுற்றித் தளர்ந்து கிடக்கும் வாயுவைக் கொத்தாக இழுத்துக்கொள்வதால். 1980களில் இதை இதே அதிரும் குழாயை வைத்துத்தான் அளந்து காட்டினார்கள்.

ஒரு எச்சரிக்கை. திருத்தம் போடும்போது ‘வாயு கரைந்தால் திரவம் எப்போதும் கனக்கும்’ என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் தவறு. டெகேன் மாதிரி இலேசான எண்ணெய்களில் கனக்கும். டொலுவீன் 40 டிகிரியில் 850-ஐ ஒட்டி இருப்பதால் பெரிய மாற்றம் தெரியாது. டைகுளோரோமீத்தேன் லிட்டருக்கு 1.3 கிலோ, அதில் கரைத்தால் இலேசாகும். எத்தனாலிலேயே வாயுவின் பங்கைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் ஏறிய அடர்த்தி ஓர் இடத்தில் திரும்பி மளமளவென்று இறங்கும். எங்கே திரும்பும் என்பது கலவைக்குக் கலவை, சூட்டுக்குச் சூடு மாறும். தனி கார்பன் டை ஆக்ஸைடுக்கு 1996-ல் ஸ்பான், வாக்னர் என்ற இருவர் கொடுத்த சமன்பாடு அநேகமாக எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடும். கலவைக்கு அப்படி ஒரே சமன்பாடு போதாது. உட்கார்ந்து அளக்கத்தான் வேண்டும். அட்டவணை நிரப்புவது என்பது அதுதான்.

அளந்து என்ன ஆகப்போகிறது என்றும் உங்கள் கட்டுரையில் ஒரு தொனி இருந்தது. 40 டிகிரியில் 80 பாரில் கார்பன் டை ஆக்ஸைடின் அடர்த்தி 278. 100 பாரில் 629. இருபது பாருக்குள் இரண்டு மடங்குக்கு மேல். அதே 100 பாரில் 40 டிகிரிக்குப் பதில் 35 டிகிரி என்றால் 713. ஒரு குழாய்வழியில் இந்த வாயு போகிறது, மீட்டர் இத்தனை கன மீட்டர் போனது என்று காட்டுகிறது. எத்தனை டன் போனது? அடர்த்தி தெரியாமல் சொல்ல முடியாது. நிலத்தடியில் இத்தனை டன் புதைத்தேன் என்று ஓர் ஆலை கணக்குக் காட்டும்போது, அந்த டன்னுக்குப் பின்னால் யாரோ ஒருவர் அரை மணி நேரம் எண் நிலைக்கக் காத்திருந்த ரீடிங் இருக்கிறது. அதிலும் ஆலையிலிருந்து வருவது தூய வாயு அல்ல. நைட்ரஜன் கொஞ்சம் கலந்தாலே மேலே சொன்ன எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும்.

ஒரு திரவத்திலிருந்து வேண்டிய பொருளைக் கார்பன் டை ஆக்ஸைடைக் கொண்டு பிரித்தெடுக்கும் கோபுரங்களிலும் இதே கதைதான். கனமானது கீழே இறங்க, இலேசானது மேலே ஏற, இரண்டும் எதிரெதிராக உரசிப் போனால்தான் வேலை நடக்கும். அழுத்தத்தைக் கூட்டக் கூட்டக் கார்பன் டை ஆக்ஸைடு கனத்து, திரவத்தின் அடர்த்தியை எட்டிப் பிடித்தால் இரண்டும் அசையாமல் நின்றுவிடும். இன்னும் கூட்டினால் தலைகீழாகும். வாயு திரவத்துக்கு அடியில் போய் உட்காருமா என்று சிரிக்காதீர்கள். 1906-ல் காமர்லிங் ஓனஸ் ஹீலியம் வாயு திரவ ஹைட்ரஜனுக்குள் மூழ்குவதைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்.

சரி, இதெல்லாம் ஆய்வக விஷயம், படத்தில் ஓர் அம்பு மேலே பார்த்தால் என்ன, கீழே பார்த்தால் என்ன என்று கேட்கலாம். கேமரூனில் நியோஸ் என்று ஒரு ஏரி. 208 மீட்டர் ஆழம். எரிமலை அடியிலிருந்து கசியும் கார்பன் டை ஆக்ஸைடு அதன் அடி நீரில் பல காலம் கரைந்துகொண்டே இருந்தது. வாயு கரைந்த நீர் இலேசாகி மேலே வந்திருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக வாயு வெளியேறிப் போயிருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அது கனத்தது. கனத்ததால் அடியிலேயே படிந்தது. படிந்ததால் சேர்ந்தது. 1986 ஆகஸ்ட் 21 இரவு ஏதோ ஒன்று அந்த அடுக்கைக் கலைத்தது. அடி நீர் கொஞ்சம் மேலே வந்ததும் அழுத்தம் குறைந்து குமிழி கிளம்பியது. குமிழி நிறைந்த நீர் இலேசு, அது ஏற ஏற இன்னும் அழுத்தம் குறைந்து இன்னும் குமிழி. வெளியே பாய்ந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் பள்ளத்தாக்குகளில் தரையோடு ஓடியது. சுமார் 1,700 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

கரைந்தது கீழே, குமிழ்ந்தது மேலே. இரண்டும் ஒரே ஏரியில், ஒரே வாயு. பிறகு 2001-ல் அந்த ஏரிக்குள் நீண்ட குழாய் ஒன்றை இறக்கினார்கள். அடி நீரைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட பம்ப் தொடக்கத்தில் மட்டும்தான் தேவைப்பட்டது. அதற்கப்புறம் குமிழியே நீரை இழுத்துக்கொண்டு ஐம்பது மீட்டர் உயரத்துக்குப் பீச்சியது.

நிலத்தடிச் சேமிப்பிலும் அப்படித்தான், ஆனால் இங்கே அது நமக்குச் சாதகம். உங்கள் படத்தில் இருக்கும் முதல் அம்பு, இன்னும் கரையாத வாயு பாறைக்குள் மேலே ஏறுவதைக் காட்டுவது, சரியானது. அந்த ஆழத்தில் கார்பன் டை ஆக்ஸைடு எவ்வளவு இறுகினாலும் உப்பு நீரைவிட இலேசுதான். அது ஏறும், மேலே இருக்கும் இறுகிய பாறை மூடி தடுக்கும். மூடியில் விரிசல் இருந்தால் பயப்பட வேண்டியது அதற்குத்தான். கட்டுரையாளர் அந்தப் பயத்தை எழுப்பியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஏறி நிற்கும் வாயு அங்கேயே நீரில் மெல்லக் கரைகிறது. கரைந்த நீர் சுமார் ஒரு சதவீதம் வரை கனம் கூடி, விரல் விரலாகக் கீழே இறங்குகிறது. அது விட்டுப்போன இடத்துக்குப் புது நீர் வருகிறது, அதுவும் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. ஒரு சதவீதம் என்பது எங்கள் குழாயில் இலக்கம் இலக்கமாகத் தெரியும் வித்தியாசம். பாறைக்குள் அது நூற்றாண்டுக் கணக்கில் வாயுவை ஆழத்துக்கு இறக்கிக்கொண்டே இருக்கும். உங்கள் படம் அதைத்தான் தலைகீழாகக் காட்டுகிறது. படத்தைப் பார்த்த என் பேத்தி, “அப்போ எல்லாமே வெளியே வந்துடுமா பாட்டி?” என்று கேட்டாள்.

அவளுக்குக் காட்ட அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். சிவப்புப் பென்சிலில் அடித்த வரிகள் இன்னும் படிக்க வருகின்றன. பிறகு அச்சில் போனது அந்த எண்கள்தான், ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஆனால் ஓரத்தில் எழுதிய ‘கருவிக் கோளாறு’ அப்படியே இருக்கிறது. ஆய்வக நோட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது என்பது விதி. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் திருத்தம் எழுதலாம். நான் எழுதினேன்: ‘கோளாறு என்னுடையது.’ மேலதிகாரி அதற்குக் கீழே கையெழுத்துப் போடவில்லை, அது கிடக்கட்டும்.

உங்களிடம் முழுக் கட்டுரையையும் மாற்றச் சொல்லவில்லை. படத்தில் முதல் அம்பு அப்படியே இருக்கட்டும். இரண்டாவதைக் கீழே திருப்புங்கள்.

இப்படிக்கு,
26 ஆண்டுகள் அட்டவணை நிரப்பிய ஒரு வாசகி